மன்னார்ச் சலாபத்தின் கடல்கட்டிகள்

கடல்கட்டி என்பவர் முத்துச் சலாபத்தின்போது, அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டிவைப்பவர். மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என நீளும் கரையை அடுத்த முத்துப் பார்களில் சிப்பி எடுக்கப்பட்ட காலமெல்லாம் இந்த ஆள் தேவைப்பட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலும் அவரைப் பற்றிய குறிப்பு உண்டு; பிரித்தானிய ஆட்சியின் நடுப்பகுதியிலும் உண்டு. அவர் சுறாவுக்கு என்ன செய்தார் என்பதைக் கடல்தான் அறியும். சுழியோடிக்கு என்ன செய்தார் என்பதைப் பதிவுகளிலிருந்து ஓரளவு எடுத்துக்காட்ட முடியும். இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டு வீரரின் மனத்தையும் உடலையும் தயார்செய்ய ஹிப்னாட்டிசத்தைக் கையாண்டவர்கள் செய்ய முயன்ற வேலைக்கு அது மிகவும் நெருங்கியது.

முத்துக்குளிப்பு ஒருவகையில் உடற்போட்டிதான். முத்துப் பார்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில் கிடந்தன. இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி முழங்கியதும் வள்ளங்கள் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்படும். விடியுமுன் பாரை அடைந்து நங்கூரமிட்டுக் காத்திருக்கும். வெளிச்சம் வந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழும்பியதும் பாய் விரித்துக் கரை திரும்புவார்கள். பெரிய வள்ளமொன்றில் பத்துச் சுழியோடிகள். ஐவர் கீழே போக ஐவர் மூச்சு வாங்குவார்கள். ஒருவர் ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை இறங்கினார்.

இறங்கும் விதத்தை 1803இல் வெளியான தன் நூலில் றொபேட் பேர்சிவல் என்ற இராணுவ அதிகாரி நுணுக்கமாக எழுதியிருக்கிறார். கூம்பு வடிவில் செதுக்கிய செங்கருங்கல், அதன் மெலிந்த முனையில் துளையிட்டுக் கட்டிய கயிறு. சுழியோடி வலது கால்விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றுவார். சிப்பி போடும் வலைப்பையை இடது கால்விரல்கள் பிடித்திருக்கும். இன்னொரு கயிறு வலது கையில். இடது கை மூக்கைப் பொத்தும். கல்லின் பாரம் அவரை நேராக அடிக்குக் கொண்டுபோகும். கீழே கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர்கள் இழுத்தெடுப்பார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடியும். மேலே வந்தவரின் வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் வடியும், சிலவேளை இரத்தமும் வரும். மறுபடி தன் முறை வந்ததும் அவர் இறங்குவார்.

இந்த உழைப்பில் உடலின் வலிமைக்கு நிகராக மனத்தின் அமைதியும் எண்ணப்பட வேண்டும். மூச்சை அடக்கி நீரில் முகம் ஆழ்ந்ததும் இதயத் துடிப்பு தானாகக் குறைவது மனித உடலின் இயல்பு. பிராணவாயு சிக்கனமாகச் செலவாகும். பயம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. பயந்தவனுக்குத் துடிப்பு ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, கரியமிலவாயு விரைவில் சேர்ந்து மூச்செடுக்கும் உந்தல் முந்திக்கொண்டு வருகிறது. நாற்பது விநாடி நிற்கக்கூடியவன் இருபதிலேயே கயிற்றைச் சுண்டிவிடுவான். வள்ளத்துக்கு வள்ளம், நாளுக்கு நாள் இப்படி நடந்தால் சலாபத்தின் வருமானமே பாதியாகிவிடும். கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்கு உடலியல் தெரியாது. பயந்த சுழியோடி சிப்பி கொண்டுவரமாட்டான் என்பது தெரிந்திருந்தது.

சுமார் 1292இல் இக்கடல்வழியே போன மார்க்கோ போலோவின் நூலில் கடல்கட்டியின் கணக்கு துல்லியமாக இருக்கிறது. முத்தெடுக்க வரும் வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். பெருமீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அரசனின் பங்கில் சரிபாதி என்பது வேறெந்தத் தொழிலாளிக்கும் எளிதில் கிடைத்திராத கூலி. கட்டு அந்தப் பகலுக்கு மட்டுமே செல்லும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் அவர் சொல்கிறார். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கத் துணியக்கூடாது என்பதே காரணம் என்று அந்நூலின் இத்தாலியப் பதிப்பொன்று விளக்குகிறது. பகலில் துணிவைத் தந்த மந்திரம் இரவில் காவல்காரனாகவும் நின்றது. போலோ இவர்களைப் பிராமணர் என்கிறார். பின்வந்த பதிவுகளில் தெரிவதோ கரையோரக் குடும்பமொன்றின் பரம்பரை உரிமை. போலோவுக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், கொற்கைச் சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே குளித்ததாகச் செங்கடல் பெரிப்புளூஸ் என்ற பழைய கிரேக்க நூல் கூறுகிறது. சாட்டைக்குக் கீழ் இறங்கியவர்களுக்கு மந்திரக்காரர் வைக்கப்பட்டாரா என்பது அதில் இல்லை. வைத்திருக்கத் தேவை இருந்திராது.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். அதற்கு முன்பே முத்துக்குளித்துறையின் பரவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கராகியிருந்தனர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1768 முதல் 1796 வரை சலாபமே நடக்கவில்லை. பிறகு ஆங்கிலேயர் அதை மறுபடி தொடங்கி மூன்றாண்டு அடுத்தடுத்துப் பார்களைச் சுரண்டினர். ஆட்சி மாறியது, மதம் மாறியது. சுழியோடிகளில் கத்தோலிக்கரும், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும், இந்துக்களும் கலந்திருந்தனர். கடல்கட்டி மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றார்.

அவருடைய வேலையை அருகிலிருந்து காட்டுவது 1807இல் வெளிவந்த ஜேம்ஸ் கோடினரின் இலங்கை விவரணம். கோடினர் 1799 முதல் 1804 வரை கொழும்பில் இருந்த மதகுரு. மந்திரக்காரர்களை ஏமாற்றுக்காரர் என்று முதலிலேயே ஏசிவிட்டுத்தான் விவரிக்கத் தொடங்குகிறார். அவர் கூற்றுப்படி அவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தினர். வெளியாள் அப்பதவிக்கு வர முடியாது. எப்போதும் இருவர் வேலையில் இருப்பார்கள். ஒருவர் தலைமை ஆர்காட்டியின், அதாவது வழிகாட்டும் மாலுமியின், வள்ளத்தில் கடலுக்குப் போவார். மற்றவர் கரையில், உடையின்றி, ஓர் அறைக்குள் அடைபட்டிருப்பார். வள்ளங்கள் புறப்பட்டது முதல் திரும்பி வரும்வரை அவரை எவரும் பார்க்கக்கூடாது. அவர் முன்னால் தண்ணீர் நிறைந்த பித்தளைத் தட்டம். அதில் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், ஆண் ஒன்றும் பெண் ஒன்றும். கடலில் யாருக்காவது சுறாவால் ஆபத்து நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை.

பேர்சிவல் கண்டது வேறு காட்சி. கரையில் நின்றபடி விடிகாலை முதல் வள்ளங்கள் திரும்பும்வரை முணுமுணுத்து, உடலை வளைத்து நெளித்துச் சடங்கு செய்தவர்களை அவர் விவரிக்கிறார். அதுவரை அவர்கள் அன்னம் தண்ணீர் தொடக்கூடாது. தொட்டால் மந்திரம் பலிக்காது. ஆனாலும் இடையில் கள் குடித்துத் தெம்பேற்றிக்கொள்பவர்களும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறார். சிலர் சுழியோடிகளோடு வள்ளத்திலும் போயினர். அவர்கள் பக்கத்தில் இருப்பது சுழியோடிகளுக்குப் பெரும் திருப்தி என்றும் அவர் எழுதுகிறார்.

தமிழ் நாட்டார் வழக்கில் இதெல்லாம் புதிதல்ல. காட்டு விலங்குக்கும் பாம்புக்கும் வாய்க்கட்டு, வீட்டுக்கும் வயலுக்கும் எல்லைக்கட்டு, பயணத்துக்குத் திசைக்கட்டு என்று மந்திரவாதம் கட்டாத பொருளில்லை. மன்னாரின் தனிச்சிறப்பு, அந்தக் கட்டு ஒரு பெருந்தொழிலின் அன்றாட நடைமுறையாக, அரசு ஏற்றுக்கொண்ட செலவாக ஆனதுதான். பீரங்கி, கரைக்காற்று, நங்கூரம், மந்திரம், கல் என்று ஒவ்வொரு நாளும் அதே வரிசை. இன்றைய பயிற்றுநர்கள் வீரருக்குப் போட்டிக்கு முன் மாறாத ஒரு நடைமுறையை வகுத்துக் கொடுப்பதும் இதற்காகவே: தெரிந்த படிகளில் ஏறும் மனம் தெரியாத முடிவைப் பற்றிக் கலங்க நேரமின்றிப் போகிறது.

நம்பிக்கை எவ்வளவு தூரம் உடலை ஆண்டது என்பதற்கு நல்ல சான்று, அது முறிந்த நாட்கள். ஒரு சுழியோடி சுறாவைக் கண்டதாகக் கத்தினால் அன்றைக்கு அத்தனை வள்ளங்களும் கரைக்குத் திரும்பிவிடும் என்கிறார் பேர்சிவல். விசாரித்துப் பார்த்தால், காலில் குத்திய கூரான கல்லைத்தான் அவர் சுறா என்று நினைத்திருப்பார். இப்படிப்பட்ட பொய்க்கூச்சல் சலாபத்தைக் கெடுத்ததால் உண்மையா என்று ஆராய்ந்து, இல்லையென்றால் கூச்சலிட்டவரைத் தண்டித்தார்கள். ஆயிரக்கணக்கான உடல்களை ஒரு சொல் முடக்கியது என்றால், இன்னொரு சொல் அவற்றை இயக்கியது என்பதில் வியப்பில்லை. உண்மையில் சுறா தாக்கிய நிகழ்ச்சிகள் மிக அரிது. நூற்றுக்கணக்கான வள்ளங்களின் இரைச்சலும், ஓயாமல் விழுந்தெழும் கற்களும் சுறாவை விரட்டியிருக்கலாம் என்பது அக்காலத்திலேயே சொல்லப்பட்ட காரணம். கடல்கட்டியின் பெயர் நிலைத்ததற்குத் தாக்குதல்கள் இப்படி அரிதாக இருந்ததும் உதவியது.

விபத்து நேர்ந்தாலும் பெயர் கெடாமல் காக்க வழி இருந்தது. 1790களின் சலாபம் பற்றிய குறிப்பொன்றில், ஒருவர் சுறாவிடம் காலை இழந்ததும் தலைமைக் கடல்கட்டியை அழைத்துக் கணக்குக் கேட்டார்கள். தன்மேல் பொறாமைகொண்ட ஒரு கிழவி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், தெரியவந்தபோது பிந்திவிட்டது என்றார் அவர். பிறகு தான் போட்ட கட்டில் சுறாக்கள் சுழியோடிகளின் நடுவே வந்தும் வாயைத் திறக்க முடியாமல் போயிற்றாம். சுறா ஒன்றை வள்ளத்தருகே வரவழைத்துக் காட்டச் சொன்னபோது, அது தன்னால் முடியும், ஆனால் விரட்டுவதே தன் வேலையாகையால் வரவழைப்பது முறையாகாது என்று பதில் வந்ததாகவும் கதை உண்டு. கெட்டிக்காரப் பதில்.

கடல்கட்டியின் அதிகாரத்துக்கு இருண்ட பக்கமும் இருந்தது. அவர் மனங்கோணினால் சுறாவை ஏவிவிடுவார் என்று சுழியோடிகள் அஞ்சினர். அதனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் அவருக்குக் காணிக்கை வந்தது என்கிறார் கோடினர். நம்பிக்கையால் பலம் கொடுக்கிறவர் அதே நம்பிக்கையால் பலத்தைப் பறிக்கவும் முடியும். இதை வேறொரு காலத்தில் ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தவர் ஜே. ஏ. ஹட்ஃபீல்ட் என்ற பிரித்தானிய உளமருத்துவர். மூன்று ஆண்களின் கைப்பிடி வலிமை சாதாரண நிலையில் சராசரியாக 101 இறாத்தல் இருந்தது. ஹிப்னாட்டிச நிலையில் ‘நீ மிகப் பலவீனன்’ என்று சொன்னதும் 29 இறாத்தலாக இறங்கியது. ‘நீ மிகப் பலசாலி’ என்றதும் 142 ஆக ஏறியது. ஏற்றத்தைவிட இறக்கம் பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும். 1961இல் இகாய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இருவர் செய்த சோதனையிலும் ஹிப்னாட்டிசம் கைவலிமையைக் கூட்டியது. ஆனால் துப்பாக்கி வெடிச் சத்தமும், இழுப்பவர் தானே போடும் கூச்சலும்கூடக் கூட்டின. உடலில் இருக்கும் பலத்தை முழுதும் பயன்படுத்தவிடாமல் மனம் போட்டிருக்கும் தடைதான் அவற்றால் தளர்கிறது என்பது அவர்கள் முடிவு.

இலங்கையில் 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், முத்துப் பார்களின் பரிசோதகர் கப்டன் ஸ்டுவார்ட்டோடு இந்தப் பக்கம் வந்தார். அவர் இலங்கையில் இருந்த ஆண்டுகளில் சிப்பி விளையாததால் சலாபம் இல்லை. பார்வையிடும் பயணம் மட்டும்தான். அதற்கும் கடல்கட்டி வேண்டியிருந்தது. பதவிக்குரிய குடும்பத்தின் தலைவர் அப்போது ஒரு றோமன் கத்தோலிக்கர். மந்திரத்தின் வலிமைக்கும் ஓதுபவரின் மதத்துக்கும் தொடர்பில்லை என்பது எல்லோர் கருத்தாகவும் இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லாததால் வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் டெனன்டிடம் ஒளிக்காமல் சொன்னார்: மந்திர இரகசியம் தனக்குத் தெரியாது, ஆனாலும் பெரியவரின் பிரதிநிதி என்ற முறையில் தான் வந்திருப்பதைச் சுறாக்கள் அறிந்து மதிக்கும்.

டெனன்ட் இதைச் சிரிப்புக்குரிய செய்தியாக எழுதினார். உளவியலாகப் படித்தால் கடல்கட்டி மரபின் மையமே இங்கு இருக்கிறது. மந்திரச் சொல் தேவையில்லை, மந்திரக்காரர்கூடத் தேவையில்லை, அவருடைய ஆள் வள்ளத்தில் இருக்கிறார் என்று சுழியோடிக்குத் தெரிந்தால் போதும். டெனன்ட் சிரித்ததற்குச் சற்று முன்னரே இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரெய்ட் ஹிப்னாட்டிசம் பற்றிய தன் நூலை (1843) வெளியிட்டிருந்தார். 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பனி மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் மயக்கமருந்தின்றி, மெஸ்மெரிச முறையால் நோயாளிகளை ஆழ்த்தி அறுவைச் சிகிச்சை செய்தார். ஒரே பேரரசின் ஒரு மூலையில் மருத்துவமாக மதிக்கப்பட்டதும் இன்னொரு மூலையில் மூடநம்பிக்கையாக ஏளனம் செய்யப்பட்டதும், நெருங்கிப் பார்த்தால், அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவதும் பிழை. ஹிப்னாட்டிசத்தில் ஒருவர் இன்னொருவரை அமரவைத்து, கவனத்தைக் குவியச்செய்து, அவர் உடலைப் பற்றியே ஆலோசனை சொல்கிறார். கடல்கட்டி சுழியோடியை மயங்கவைக்கவில்லை, அவரோடு தனியே பேசவுமில்லை. மந்திரம் கடலை நோக்கிச் சொல்லப்பட்டது, விளைவு கேட்டவரிடம் ஏற்பட்டது. 1966இல் அமெரிக்க உளவியலாளர் தியோடர் பார்பர், வலிமையும் தாக்குப்பிடிப்பும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மயக்கநிலை இல்லாமலேயே உறுதியான ஊக்கச்சொல் அதே பலனைத் தரக்கூடும் என்று வாதிட்டார். அந்த வாதம் சரியென்றால் மன்னார்க் கரையின் ஏற்பாட்டில் குறையொன்றும் இருக்கவில்லை.

விளையாட்டு உலகம் இந்தப் பாதையில் பிந்தியே வந்தது. 1960இல் அல்போன்சோ கைசெடோ உருவாக்கிய சோஃப்ரோலஜி என்ற தளர்வுப் பயிற்சி, ஹிப்னாட்டிசமும் யோகமும் கலந்தது. றேமோன் அப்றெசோல் என்ற சுவிஸ் பல்மருத்துவர் அதை 1960களில் சுவிஸ் பனிச்சறுக்கு வீரர்களுக்குக் கற்பித்தார். மூச்சடக்கிக் குளிப்பதிலேயே சாதனை படைத்த ஜாக் மயோல் யோகத்தையும் தியானத்தையும் நம்பினார். 1976இல் எல்பாத் தீவுக்கருகே ஒரே மூச்சில் 100 மீட்டர் ஆழம் போனவர் அவர். முத்துச் சுழியோடியின் கல்லைப்போலவே ஒரு பாரத்தைப் பற்றிக்கொண்டுதான் அவரும் இறங்கினார்.

மன்னாரில் கடல்கட்டிகளின் காலம் சலாபத்தோடு சேர்ந்து தேய்ந்தது. 1891க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு சிப்பி இல்லை. அரசாங்கம் விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை 1902இல் வரவழைத்தது. உதவியாளர் ஜேம்ஸ் ஹொர்னெல் பார்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1903 முதல் சலாபம் மறுபடி கூடியது. 1905இல் மரிச்சுக்கட்டியில் அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா கிடைத்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகள் பெருமளவில் வந்தனர். மூக்கில் கொம்புக் கவ்வி மாட்டிக்கொண்டு, தமிழரைவிட நீண்ட நேரம் அடியில் நின்ற அவர்கள் தங்கள் கடலின் வழக்கங்களோடு வந்தவர்கள். அடுத்த ஆண்டுச் சலாபத்தில் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப் அந்த முகாமைப் பற்றிப் பிற்காலத்தில் விரிவாக எழுதினார். 1906இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் போயின. 1907க்குப் பிறகு கம்பனிக்குச் சிப்பி கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் அதுவும் கலைந்தது. 1925இல் ஒருமுறை சலாபம் கூடியது. 1958இல் அரசாங்கம் இன்னொரு முறை முயன்றது. அதற்குள் செயற்கையாக வளர்த்த ஜப்பானிய முத்துகள் உலகச் சந்தையைப் பிடித்திருந்தன.

இன்று இதே கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்கிறவர்கள் காற்றுச் சிலிண்டரோடு இறங்குகிறார்கள். அவர்களுக்குச் சுறாவைவிட, ஆழத்திலிருந்து வேகமாக மேலேறுவதால் இரத்தத்தில் உண்டாகும் நைதரசன் குமிழ்களே ஆபத்து. மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம்வரை கொண்டுபோகும் நோய் அது. மனத்துணிவு அங்கே உதவாது. அதிகத் துணிவு, இன்னொரு சிலிண்டரோடு மறுபடி இறங்கச் சொல்லித் தீங்கைக் கூட்டவே செய்யும்.